ஐந்து நொடி இடைவெளி

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

உங்கள் நம்பரை என் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். கோபம் மட்டும் காரணமில்லை. போனை எடுத்ததும் நீங்கள் "ம்ம்… சொல்லுங்க" என்று இழுப்பீர்களே, அவளும் அப்படித்தான் இழுப்பாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தொண்டை. அதைக் கேட்டால் அன்று முழுவதும் எனக்குக் கை ஓடுவதில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக் கை நடுங்கினால் யாராவது ஒருத்தர் உயிர் போய்விடும். அதனால்தான் கடிதம்.

நானும் வாலுவும் என் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டோம். அக்கா அவளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருகிறாள். எனக்கு இங்கே ஏழு கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. அம்மா போனதிலிருந்து வாலு ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. மற்றபடி சாப்பிடுகிறாள், படிக்கிறாள்.

இறுதிச் சடங்கன்று உங்கள் சட்டையைப் பிடித்தது தப்புதான். ஆனால் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

ஆம்புலன்ஸ் அலுவலகத்திலிருந்து ரிப்போர்ட் வந்தது. நான்கு பக்கம். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். ஜனவரி 19, மாலை 5:42. ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட ஒரு பெயிண்டருக்காக அழைப்பு வருகிறது. அழைப்பை எடுத்த பெண் அவருக்கு ஒரு வண்டி அனுப்ப வேண்டிய இடத்தில் மூன்று வண்டி அனுப்பிவிடுகிறாள். நம் பகுதியில் அன்று ஓடியதே மூன்று வண்டிதான். ஒரு மணிக்கட்டுக்கு மூன்று ஆம்புலன்ஸ், வரிசையாக, ஒரே வாசலில். 5:53க்கு நான் கூப்பிடுகிறேன். எடுத்தது அதே பெண்தான். "லைன்லயே இருங்க சார், ஏற்பாடு ஆகிட்டிருக்கு" என்றாள். இருபத்தாறு நிமிடம் ஏற்பாடு ஆகிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம்தான் ஒரு வண்டி வந்தது. உங்கள் தங்கைக்குக் கரு, கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது, கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

"மேசையிலிருந்து மூன்று கோரிக்கைகள் பெறப்பட்டன" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த மேசையில் இருந்த பெண் மூன்று முறை பட்டனை அழுத்தியிருக்கிறாள். அவள் மேல் புகார் கொடுத்துவிட்டேன். வேலை போனால் மட்டும் போதாது, ஜெயிலுக்குப் போக வேண்டும்.

என் கேள்வி இதுதான். எங்கள் லிஃப்டில் ஆட்கள் பட்டனைப் பொறுமையில்லாமல் பத்து முறை குத்துவார்கள். முதல் குத்துக்கே பட்டனுக்குள் விளக்கு எரிந்துவிடும். அதற்கப்புறம் எத்தனை முறை குத்தினாலும் லிஃப்டுக்கு அது ஒரே அழைப்புதான். அந்தக் காலத்துப் பழைய லிஃப்டுக்கே இவ்வளவு புத்தி உண்டு. வண்டி ஒதுக்குகிற சிஸ்டத்தைச் செய்தது உங்கள் கம்பெனி, அதிலும் நீங்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் உங்கள் தங்கை அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். மூன்று முறை அழுத்தினால் மூன்று வண்டி போகிற மாதிரி ஏன் செய்தீர்கள்?

*

பிப்ரவரி 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சட்டையைப் பிடித்ததைப் பற்றி நீங்கள் எழுதவே வேண்டியதில்லை.

கடிதமாக எழுதியது ஒரு விதத்தில் நல்லதுதான். இந்த விஷயத்தைப் பற்றிப் போனிலோ மெயிலிலோ யாரிடமும் பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு முடிந்தவரை சொல்கிறேன். அழைப்பு எடுக்கிற பெண்ணின் முன்னால் இருப்பது மேசை சிஸ்டம். வண்டி வேண்டும் என்று அவர் அழுத்தினால், அது வண்டி ஒதுக்குகிற சிஸ்டத்தைக் கேட்கும். நான் செய்தது அந்த இரண்டாவது. அது, எந்த வண்டி எந்த வழியாகப் போனால் சீக்கிரம் என்று வழி பார்க்கிற மூன்றாவதைக் கேட்கும். எங்கே போவது என்று தெரியாமல் வழி சொல்ல முடியாதல்லவா, அதனால் அது, எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று நான்காவதைக் கேட்கும். நான்காவது வாயைத் திறக்கிற வரைக்கும் மற்ற மூன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நான்காவது மூன்றாவதுக்குச் சொல்ல, அது இரண்டாவதுக்குச் சொல்ல, கடைசியில் பதில் மேசைக்கு வரும். எல்லாம் சேர்ந்து இரண்டு நொடிக்குள் நடந்துவிடுகிற காரியம்.

அன்று மூன்று கோரிக்கைகள் வந்தன, மூன்று வண்டிகள் போயின. அது உண்மை. லிஃப்ட் பட்டன் மாதிரி ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு மேல் நான் எழுதுவது சரியாக இருக்காது. தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாலுவுக்கு முன்பல் விழுந்ததா? ஆடிக்கொண்டிருந்ததே. மாமா கேட்டதாகச் சொல்லுங்கள்.

*

மார்ச் 1

மச்சான்,

பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டுமென்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வகுப்பு எடுத்திருக்கிறீர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம். "நல்ல கேள்விதான்" என்கிறீர்கள். நான் என்ன, பரிசு வாங்கவா கேட்டேன்?

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "உன் மச்சான் ஏதோ மென்னு முழுங்குறாருடா" என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் நீங்கள் அவளுக்கு அண்ணன். உங்களுக்கு இல்லாத வலியா எனக்கு என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.

சரி, வேறு மாதிரி கேட்கிறேன். நான்காவது ஆள் வாயே திறக்கவில்லை என்றால் முதல் ஆள் எவ்வளவு நேரம் நிற்பார்? கதவு மூடவில்லை என்றால் லிஃப்ட் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தொழிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் தொழிலிலும் எழுதித்தானே வைத்திருப்பீர்கள்.

*

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்தந்த சிஸ்டத்தைப் பொறுத்தது. ஒவ்வொன்றையும் செய்தது ஒவ்வொரு குழு. எல்லாருடைய கணக்கும் ஒன்றாக இருக்காது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்கு நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இன்று எப்படியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் மேல் கொடுத்த புகாரை இப்போதைக்கு நிறுத்தி வைக்க முடியுமா? திரும்ப வாங்கச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் மட்டும். அவருக்கு இருபத்து நான்கு வயதுதான் என்று கேள்விப்பட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்.

காரணம் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

*

மார்ச் 19

மச்சான்,

அவளுக்காக நீங்கள் ஏன் பரிந்து பேசுகிறீர்கள்? செத்தது உங்கள் கூடப்பிறந்தவள். நினைவிருக்கிறதா?

உங்கள் கடிதம் வந்த அன்று கையில் கிடைத்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். அக்கா வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. வாலு பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் இங்கே வந்தாள். விலாசம் எப்படிக் கிடைத்ததோ தெரியாது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். அழைப்பு மணி அடித்தது, திறந்தேன், ஒல்லியாக ஒரு பெண். "நான்தான் சார் அன்னிக்கு உங்க போனை எடுத்தது" என்றாள். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு நிமிடம் கேட்ட குரலாயிற்றே.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. வெளியிலேயே ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு ஒரு தடவை அழுத்தினதுதான் சார் ஞாபகம் இருக்கு. ஆனா மூணுன்னு பேப்பர்ல இருக்கு. நான்தான் பதட்டத்துல அழுத்தியிருக்கணும். என் கைதானே அது. ஞாபகம் இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்க வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

நான் கதவைச் சாத்தினேன். சாத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். கால் மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். இனி யார் சொன்னால் என்ன? ஏப்ரல் 21 விசாரணை. நான் வந்து சாட்சி சொல்லப் போகிறேன். உங்களுக்கு அவள்மேல் பாவம் பொத்துக்கொண்டு வந்தால் நீங்கள் போய் அவள் பக்கம் உட்காருங்கள்.

*

ஏப்ரல் 2

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்தப் பெண் படியில் இறங்கி நின்றாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் படிக்க எனக்கு மூன்று நாளாயிற்று.

அவர் ஒரு முறைதான் அழுத்தினார்.

இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை, படுக்கை பார்க்கிற அந்த நான்காவது சிஸ்டம் மந்தமாகிவிட்டது. ஒரு நொடியில் சொல்கிற பதிலைச் சொல்ல அதற்கு ஒன்பது நொடி பிடித்தது. ஆனால் மேசை சிஸ்டம் ஐந்து நொடிதான் காத்திருக்கும். ஐந்து நொடியில் பதில் வரவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தானாகவே மறுபடி கேட்கும். யாரும் அழுத்த வேண்டாம். மூன்று முறை கேட்டுப் பார்க்கும். அப்புறம் அரை நிமிடம் விட்டு மறுபடி மூன்று முறை. அவர் ஸ்கிரீனில் இது எதுவுமே தெரியாது. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் என் பங்கைக் கேளுங்கள். மேசை துண்டித்துவிட்டுப் போனது என் சிஸ்டத்துக்குத் தெரியாது. அது பாட்டுக்கு நின்று, ஒன்பதாவது நொடியில் பதில் வந்ததும் ஒரு வண்டியை ஒதுக்கிவிட்டு, கேட்க ஆளில்லாத பக்கம் திரும்பி ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவது முறை கேட்டது அதே பெயிண்டருக்காகத்தான் என்று அதற்குப் புரியாது. இன்னொரு வண்டி. மூன்றாவது முறைக்கு இன்னொன்று. கேள்விகள் வந்த நேரம் எங்கள் பதிவில் இருக்கிறது. 5:42:07. 5:42:12. 5:42:17. சரியாக ஐந்து நொடி, ஐந்து நொடி. மனிதக் கை இப்படி அழுத்தாது. அடுத்த சுற்று தொடங்குவதற்குள் முதல் டிரைவர் கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்னதும், வேலை முடிந்தது என்று நினைத்து அவர் அந்த அழைப்பை மூடிவிட்டார். மற்ற இரண்டு வண்டிகளும் அதே வாசலுக்குப் போனது அவருக்குத் தெரியாது. அந்த டிரைவர்களை விடுவிக்கிற உத்தரவும் இதே நான்கு சிஸ்டம் வழியாகத்தான் வர வேண்டும். அதுவும் வரவில்லை.

5:53க்கு நீங்கள் கூப்பிட்டீர்கள். வண்டி இல்லை. அந்த 'இல்லை'யைச் சொல்லவும் ஒன்பது நொடி. அதற்குள் மேசை துண்டித்துவிட்டு மறுபடி கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் இருபத்தாறு நிமிடத்தில் ஒரு 'இல்லை'கூட அவர் கண்ணுக்குப் படவில்லை. ஏற்பாடு ஆகிட்டிருக்கு என்று அவர் உங்களிடம் சொன்னது பொய் இல்லை, மாப்பிள்ளை. அவர் ஸ்கிரீன் அப்படித்தான் சொன்னது. இல்லை என்று தெரிந்திருந்தால் வேறு வண்டி பாருங்கள் என்று சொல்லியிருப்பார்.

லிஃப்ட் பட்டனுக்குள் எரிகிற விளக்கு எங்கள் தொழிலிலும் உண்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் இது பழைய கேள்விதான் என்று விட்டுவிட வேண்டும். அரிச்சுவடி இது. அரை நாள் வேலை. மேசை சிஸ்டம் செய்தவர் போன வருடம் என் மேஜைக்கு வந்து கேட்டார். "பதில் வரலன்னா மறுபடி கேக்கலாமா? ஒண்ணும் ஆகாதே?" நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கேளுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். அடுத்த வாரம் அந்த எண்ணைப் போட்டுவிடலாம் என்று நினைத்துச் சொன்னது. அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. செய்ய வேண்டியவை பட்டியலில் அது பன்னிரண்டாவதாகவே ஆறு மாதம் கிடந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த வரியை எழுதியது நான். முதலில் "மேசை சிஸ்டத்திலிருந்து மூன்று கோரிக்கைகள்" என்று எழுதினேன். பிறகு 'சிஸ்டம்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மேனேஜர் சொல்லவில்லை, வக்கீல் சொல்லவில்லை. நானேதான். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கை போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்போதும் என் விரல் அதைத்தான் செய்தது.

பதிவுகளைத் தொண்ணூறு நாள்தான் வைத்திருப்பார்கள். ஏப்ரல் 19 அன்று அவை தானாக அழிந்துவிடும். விசாரணை 21. அந்தப் பக்கங்களை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வெளியே கொண்டுவரக் கூடாதுதான், கொண்டுவந்துவிட்டேன். என்ன செய்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன். நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

*

ஏப்ரல் 8

நீங்கள் அனுப்பிய காகிதங்களைத் திருப்பி அனுப்புகிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு.

எனக்கே விடுகிறீர்களா? ரொம்ப தாராளம். உங்கள் சிஸ்டம் செய்கிற வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். உங்களிடம் கேட்டதை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டு, அவன் வாயைத் திறக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. நான் வேண்டாம் என்றால் மாப்பிள்ளைதான் வேண்டாம் என்றார் என்பீர்கள். கொடுங்கள் என்றால் மாப்பிள்ளை கொடுக்கச் சொன்னார் என்பீர்கள். இரண்டிலும் நீங்கள் நல்லவர்.

நான் அந்தப் பெண்ணை என்ன வார்த்தை சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? எப்படித் தெரியும்.

இது உங்கள் காகிதம். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதுவும் உங்கள் பாடு. இனி எனக்கு எழுதாதீர்கள்.

*

ஏப்ரல் 16

மாப்பிள்ளைக்கு,

எழுதாதே என்றீர்கள். கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை விசாரணைக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் "தப்புப் பண்ணினது நான்" என்றேன். அவர் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அதில் புகார் கொடுப்பவர் பெயர், புகார் யார் மீது என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் என் பெயரை எழுதினேன். உள்ளே இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பதிவுகளை அழிக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டு, கம்பெனிக்கு ஆள் அனுப்பினார்கள்.

மத்தியானம் அலுவலகம் போனால் என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மேனேஜர் கீழே இறங்கி வந்து என் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் கொடுத்தார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். ஜனவரியிலிருந்து மூன்று முறை அவரிடம் சொல்ல வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன். அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு அழைப்புக்கும் கொடுக்க வேண்டிய அந்த எண்ணைப் போட்டுவிட்டார்களாம். பிப்ரவரியிலேயே, சத்தம் போடாமல். போட்டவர் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

நீங்கள் எப்போது பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. நான் மறுபடி கேட்க மாட்டேன்.

*

மே 3

மச்சான்,

விசாரணையன்று சுவரோரத்து பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இளைத்துவிட்டீர்கள். பக்கத்தில் வரத் தோன்றவில்லை. என்னை நீங்கள் பார்த்ததும், உடனே தலையைக் குனிந்துகொண்டதும் தெரியும்.

என் புகாரை நான் அன்றைக்கே திரும்ப வாங்கிவிட்டேன். அந்தப் பெண்ணை அன்று வரச் சொல்லவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்றார்கள். விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. அவள் அம்மா கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் கதவை மூடப் பார்த்தார். நானும் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன்.

அவள் வந்தாள். நீங்கள் எழுதியதை, அந்தக் கடிதத்தையே, அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஐந்து நொடி, ஐந்து நொடி என்கிற இடம் வரைக்கும் அசையாமல் கேட்டாள். அப்புறம், "இருங்க சார். அப்போ நான் ஒரு தடவைதான் அழுத்தினேனா?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா மெதுவாக, "மூணு மாசமா மேஜை மேல விரலை வெச்சு அழுத்தி அழுத்திப் பாத்துட்டே இருக்கா தம்பி. ஒண்ணா மூணான்னு என்னைக் கேப்பா. நான் எங்க போய்ப் பதில் சொல்ல" என்றார். வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி ஆபீஸில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். போக மாட்டாள். போன் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறாளாம்.

நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். உள்ளேயிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வாலு உங்களைக் கேட்கிறாள். மாமா வேலையாக இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெரியவளானதும் இந்தக் கடிதங்களை எல்லாம் அவளிடம் கொடுத்துவிடுவேன். உங்களிடம் வர வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். அந்தப் பல் இத்துடன் இருக்கிறது. உங்களுக்கு என்று அவள் வைத்திருந்ததை நான் வைத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் மறைத்தேன். இப்போது சொல்லாமல் இருந்தால் நானும் உங்களை மாதிரி ஆகிவிடுவேன்.

ஜனவரி 19 அன்று நான் போனில் இருந்தபோது எதிர் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். காய்கறி ஏற்றுகிற அவருடைய வேனை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து, உள்ளே சாக்கை விரித்தார். மருத்துவமனை பன்னிரண்டு நிமிட தூரம். "தூக்குங்க, போயிடலாம்" என்றார். நான் உங்கள் தங்கையைத் தூக்கக் குனிந்தேன். அப்போது அவளுக்குப் பேச்சு இருந்தது. என் கையைத் தள்ளிவிட்டாள். "வேன்ல குலுங்கும்ங்க, வலி தாங்காது. ஆம்புலன்ஸ் வந்துடும். எங்க அண்ணன் செஞ்சது. ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகாதுன்னு அண்ணனே சொல்லியிருக்கு" என்றாள். காதில் அந்தப் பெண்ணும் ஏற்பாடு ஆகிட்டிருக்கு என்கிறாள். நானும் சரி என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நினைவு தப்பிய பிறகாவது தூக்கியிருக்கலாம். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே இருந்துவிட்டேன். அது என் தப்பு, அதை உங்கள் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எதிர் வீட்டுக்காரர் கடைசிவரை வேனில்தான் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு நிமிடமும் அவர் எஞ்சினை அணைக்கவில்லை.